கீழே இறக்கினால் போதும்

அத்தான் பால்கோவாவை வேண்டாமென்று தள்ளி வைத்த அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விடுமுறை முடிந்து அவர் மட்டும் இராஜபாளையத்திலிருந்து கிளம்பியபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி அவரே ஆசையாக வாங்கியது. லடாக் மலையில், எங்கள் கூடாரத்துக்கு வந்து சேர்வதற்குள் கல்லாக உறைந்திருந்தது. அக்காவின் கணவரும் நானும் ஒரே படைப்பிரிவு. ஓட்டத்தில் அவரை யாரும் முந்தியதில்லை. "பசியில்ல மாப்ள, லேசா தலைவலி. பழகுன மலைதான, சரியாயிரும்" என்றார்.

மலை பழகியதுதான். ஆனால் உடம்பு மறந்துவிட்டிருந்தது. ஊரில் தங்கும் நாட்களில், மெலிந்த காற்றை வைத்துச் சமாளிக்கும் பழக்கத்தை அது தொலைத்துவிடும். பலசாலி, நோஞ்சான் என்றெல்லாம் மலை பார்க்காது. மாலைக்குள் இருமல் பிடித்தது. பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிர முடியாமல் மூச்சு வாங்கினார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. முதுகில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே உலை கொதிப்பதுபோல் சத்தம். துப்பிய சளி நுரைத்து, இளஞ்சிவப்பாக இருந்தது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. இதற்குப் பெரிய மருந்து ஒன்றுதான்: கீழே இறக்க வேண்டும்.

வெளியே பனிப்புயல். ஹெலிகாப்டர் வராது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் ஆக்சிஜன் சிலிண்டரோடு நாங்களே கிளம்பினோம். படுக்க வைத்தால் அவருக்கு மூச்சு முட்டியது. முதுகில் மாற்றி மாற்றிச் சுமந்தோம். சில அடிகளுக்கு ஒருமுறை நாங்களும் நின்று வாயைப் பிளந்து மூச்சு வாங்கினோம். "இன்னும் கொஞ்சம் எறங்கிட்டாப் போதும் அத்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் சிலிண்டர் தீர்ந்தது. "எறக்கி வைலே... நீயாவது மூச்சு விடு" என்றார். நான் இறக்கவில்லை. அந்தக் கொதிப்புச் சத்தம் என் காதருகே கேட்டுக்கொண்டிருந்தவரை எனக்கு நம்பிக்கை இருந்தது. கீழ்முகாமின் தகரக் கூரை கண்ணில் பட்டபோது அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது.

இப்போது ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறேன். பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்காவைச் சாயங்காலம் பைக்கில் அழைத்து வருவேன். மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கும் மாதம் இது, வண்டியே தள்ளாடுகிறது. நேற்று, பறக்கும் முந்தானையை இழுத்துப் பிடித்தபடி பின்னாலிருந்து கேட்டாள்:

"எம்புட்டுக் காத்து கெடக்குலே இங்க! இதுல ஒரு வாய் அவியளுக்குக் கெடைக்கலியே?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். மேற்கொண்டு ஓட்ட முடியவில்லை.