நான் வைத்த சிவப்புப் புள்ளிகள்

நான் காஞ்சிபுரத்தில் போலீஸ். துப்பாக்கிச் சத்தம் கேட்டதாக யார் போன் பண்ணினாலும் நேரில் போய்ப் பார்த்து, மேலிடம் கொடுத்த ஆப்பில் பதிய வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. அந்த ஆப்பைச் செய்தவன் எங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன். என்ன துப்பாக்கி என்ற கேள்விக்குக் கைத்துப்பாக்கி, நாட்டுத் துப்பாக்கி, 'தெரியவில்லை' என்று மூன்று பதில்தான். துப்பாக்கியே இல்லையடா என்று சொல்ல வழியே கிடையாது!

பிள்ளையார்பாளையத்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது: தெரியவில்லை. சாமி புறப்பாட்டுக்கு அதிர்வேட்டு: தெரியவில்லை. சைலன்சரைக் கழற்றிவிட்டு பைக் ஓட்டிய ஒரு தறுதலை: தெரியவில்லை. 'துப்பாக்கி இல்லை' என்று ஒரு வரி சேருங்கள் என நான் மேலே எழுதிப்போட்டது கிணற்றில் போட்ட கல்.

ஒவ்வொரு பதிவும் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஆகும். எந்தப் புண்ணியவானோ அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான். ஊருக்கே அம்மை போட்டதுபோல் இருந்தது. அது எனக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் அம்மா வரைக்கும் போயிற்று.

"ஏம்மா, உங்க ஊர்ல தெனம் சுட்டுக்கினே இருக்கானுங்களாமே! ஒத்தப் புள்ளைய வச்சிக்கினு இருக்கேன்மா. இந்த நிச்சயதார்த்தம் வேணாம்" என்றார் போனில்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்தப் பையனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. "அத்தை, ஒரே ஒரு நாள் என்கூட வாங்க. அப்புறம் வேணாம்னு சொல்லுங்க" என்று கெஞ்சி வரவழைத்து, ஸ்கூட்டியில் ஏற்றிப் புள்ளி புள்ளியாகக் காட்டினேன். டிரான்ஸ்பார்மரைப் பார்த்து 'ம்' என்றார். கோயில் வாசலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார், அங்கேயும் அதே 'ம்'தான்.

கடைசிப் புள்ளி தாமல் கிராமத்தில் ஒரு வேர்க்கடலைக் கொல்லை. அங்கே மயில் விரட்டுவதற்காக, பிளாஸ்டிக் பைப்பில் கார்பைடு கல்லும் தண்ணீரும் போட்டு வெடித்துக்கொண்டிருந்தார் ஒரு விவசாயி.

"அட, இதுவா துப்பாக்கி? குடுப்பா இப்டி" என்று அத்தை புடவையை இழுத்துச் செருகினார்.

"ஐயோ அத்தை, வேணாம்!" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், டமார்!

மயில்கள் அலறிப் பறந்தன. அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உடனே என் போன் கத்தியது. அக்கம்பக்கத்தில் யாரோ புகார் செய்துவிட்டார்கள்: தாமலில் துப்பாக்கிச் சத்தம், உடனே செல்லவும்.

பதியாமல் விட்டால் மெமோ வரும். வரப்பிலேயே உட்கார்ந்து நிரப்பினேன். என்ன துப்பாக்கி? தெரியவில்லை. சுட்டவர் யார்? நான் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தேன்.

"என் பேர எழுதிடாதம்மா, மானம் போயிடும்" என்றார், சிரித்துச் சிரித்து நனைந்த கண்ணைத் துடைத்தபடி. "மாமியார்னு போடு."