பலூன் மைதானத்துக் கயிற்றுச்சாமி

உலகத்தின் தென்கோடித் தீவு நாட்டில், பிளாக்ஹவுஸ் பே என்னும் கடலோரப் பகுதியில், என் மகள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. புல், பந்தாட்டக் கம்பங்கள், நாய்க்காரர்களுக்கு ஒரு குப்பைத்தொட்டி, ஓரத்தில் இரும்பு வளையம் பதித்த ஒரு கான்கிரீட் கட்டை. அந்தக் கட்டையின் மேல் இப்போது குங்குமம் இருக்கிறது. பெரும்பாலான நாட்களில் ஒரு எலுமிச்சம்பழமும் இருக்கும். அதற்குக் காரணம் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் இந்த இடத்தை எடுத்துக்கொண்டு, இளைஞர்களுக்குப் பலூன் ஏற்றக் கற்றுக்கொடுத்தது. பிறந்தநாள் பலூன் அல்ல. ஒரு வீட்டைவிடப் பெரிய, ஹைட்ரஜன் நிரப்பிய வெள்ளிநிறப் பை. அதை எஃகுக் கம்பியால் அந்தக் கான்கிரீட் கட்டையின் வளையத்தில் கட்டி வானத்தில் நிறுத்திவைத்தால், தாழப் பறந்து குண்டு போட வரும் விமானம் கம்பியில் சிக்கிக்கொள்ளும் என்பது திட்டம். விமானம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது, தினமும். இந்த ஊரில் குடை வைத்திருப்பவரைப் பார்த்தால் இப்போதுதான் விசா வாங்கி இறங்கியவர் என்று சொல்லிவிடலாம், அப்படிப்பட்ட காற்று. அதில் வீடு அளவு பையைக் கட்டி இழுத்தவர்கள் யாரோடு போர் செய்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெள்ளைக்கார அம்மையார். ஏறக்குறைய என் வயது. இங்கேயே பிறந்தவர். இலையுதிர் காலத்தில் அவர் வீட்டு மரத்தில் ஃபிஜோவா பழுக்கும். பாதியாக வெட்டிக் கரண்டியால் தோண்டித் தின்ன வேண்டிய பச்சைப் பழம் அது. ஒரு பை நிறையப் போட்டு வேலி மேல் நீட்டுவார். நான் பதிலுக்கு என் மகள் செய்த எலுமிச்சை சாதத்தை நீட்டுவேன். எங்கள் நட்பு முழுக்க அந்த வேலியின் உயரத்திலேயே நடந்தது.

ஒரு நாள் கேட்டார். "நீங்க வரலாறு சொல்லிக்கொடுத்தவர்தானே?" அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் தமிழாக விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில. தலை நரைக்கிற வரைக்கும்" என்றேன்.

"எங்க அப்பா இந்த மைதானத்துலதான் பயிற்சி எடுத்தார். ஒரு தடவை பெரிய காற்று வந்து கம்பி அறுந்தப்போ, கீழ கயிறு பிடிச்சிருந்த மத்தவங்க எல்லாரும் விட்டுட்டாங்க. அவர் விடல. பலூன் அவரையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போச்சு. புதர் வேலிக்கு மேல வரைக்கும் போய் விழுந்தார். இடுப்பு போச்சு. கடைசியா கையில கயிறு இருந்தது அவருக்குத்தானே, அதனால பலூனை விட்டவன்னு பேரும் அவருக்கே வந்துடுச்சு. சாகற வரைக்கும் பப்புக்குப் போனா அதுதான் பேச்சு. 'வாப்பா, பீர் கிளாஸையாவது விடாம பிடி'ம்பாங்க."

"பலூன் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். இடுப்பைப் பற்றி நான் கேட்கவில்லை என்பதை இப்போது குறித்துக்கொள்கிறேன்.

"அறுந்த கம்பியை இழுத்துக்கிட்டே போய், யாரோ ஒருத்தர் வீட்டுத் துணிக்கொடியைத் துணியோட தூக்கிக்கிட்டுக் கடல் பக்கம் போயிடுச்சு. பெரிய உள்பாவாடை ஒண்ணு கொடி மாதிரி பறந்துச்சுன்னு அம்மா சொல்வாங்க."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் வந்த விஷயத்துக்கு வந்தார். குடியிருப்போர் குழு மைதானத்தின் பழைய கதையைச் சொல்ல ஒரு நாள் ஏற்பாடு செய்திருந்தது. "அவர் விடலைன்னு ஒரு தடவை மைக்கில சொல்லணும். அவ்வளவுதான். எனக்கு நாலு பேர் முன்னாடி குரல் வராது. நீங்க சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன். மேடை என்றால் நான் எதற்கும் சரி என்பேன்.

எங்களுக்கு ஒரு காலை நடைக் குழு உண்டு. தமிழ்நாடு, யாழ்ப்பாணம், மலேசியா எல்லாம் கலந்த முதியோர். மைதானத்தைச் சுற்றி நடப்பதைவிட நின்று பேசுவதுதான் அதிகம். நான் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும் அது எங்கள் விழா ஆகிவிட்டது. பொன்னாடை வாங்கினார்கள். ஒருவர் குத்துவிளக்கு கொண்டுவரட்டுமா என்று கேட்டார். யாழ்ப்பாணத்து நண்பர், சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், தலையில் அடித்துக்கொண்டார்.

"சேர், பலூன் கிரவுண்டில விளக்குக் கொளுத்தினா அந்தக் காலத்தில செத்த சனமும் எழும்பி ஓடும். ஹைட்ரஜன் எண்டா என்னெண்டு இவைக்குச் சொல்லுங்கோ."

அந்த நாள் வந்தது. ஒரு பக்கம் வெள்ளைக்காரர்கள் ரொட்டித் துண்டில் சாசேஜ் சுருட்டித் தின்றுகொண்டு நின்றார்கள். மறுபக்கம் எங்கள் ஆட்கள் பட்டுப்புடவையோடும் கம்பளிக் குல்லாவோடும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மையார் முதல் வரிசையில், தன் அப்பாவின் ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு இருந்தார்.

நன்றாகத்தான் தொடங்கினேன். ஆங்கிலத்தில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம். பலூன், கம்பி, காற்று, கயிறு பிடித்த பையன்கள். காற்று வீசும் இடத்துக்கு வந்தபோது, முன்னால் இருந்த மலேசியத் தமிழ் அம்மா, நர்ஸாக இருந்தவர், கையைத் தூக்கினார்.

"ஐயா, இதுல நம்ம ஆளுங்க யாராச்சும் இருந்தாங்களா?"

தமிழர்களிடம் தென்துருவத்தைப் பற்றிப் பேசினாலும் இந்தக் கேள்வி வரும். எந்தக் கல்லைக் காட்டினாலும் அதற்கு ஒரு தலபுராணம் வேண்டும், அந்தப் புராணத்தில் நம்மவர் ஒருவர் வேண்டும். கல்லூரியில் இப்படி எழுதிய பிள்ளைகளுக்கு நான் மார்க் வெட்டியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அத்தனை முகங்களும் என்னையே பார்த்தன. பொன்னாடை வேறு மடிப்புக் கலையாமல் ஒருவர் கையில் காத்திருந்தது.

"இருந்தார்" என்றேன்.

அதற்குப் பிறகு வாய் தானாக ஓடியது. பினாங்கிலிருந்து கப்பலில் வந்த ஒரு தமிழர். ராணுவத்துக்கு உதவியாகக் கயிறு இழுக்கச் சேர்ந்தவர். காற்று வந்தது. எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவர் ஒருவர் மட்டும் விடவில்லை! கைதட்டல். மலேசிய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொன்னாடை என் தோளில் ஏறியது.

தமிழில் சொன்ன பொய் தமிழோடு போயிருக்கும். ஆனால் குடியிருப்போர் குழுவின் தலைவி, நல்ல பெண்மணி, சிரித்துக்கொண்டே மைக்கில் கேட்டார்: "எல்லாரும் இப்படித் தட்டறாங்களே, எங்களுக்கும் அதைச் சொல்லுங்களேன்." தப்பிக்க எனக்கு அங்கே ஒரு வழி இருந்தது. உண்மையான கதையை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். நான் பொய்யை மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கும்போது அது வளர்ந்தும் விட்டது. ஒருவரைப் பெரியவராகக் காட்டப் பக்கத்தில் ஒரு சின்னவர் தேவைப்பட்டார். "அவருக்குப் பக்கத்தில் நின்ற உள்ளூர்ச் சிப்பாய், பாவம், பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டார்" என்றேன். சொல்லும்போது சாசேஜ் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு பேர் முன்னால் குரல் வராதவர் எழுந்து நின்றார். குரல் வந்தது. மைக் தேவைப்படவில்லை.

"அப்போ எங்க அப்பா விட்டுட்டாரா?"

என் பதிலை இங்கே எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். "வரலாற்றில் பல தரப்புகள் உண்டு" என்றேன். நான் வாழ்நாளில் சொன்ன மிகக் கேவலமான வாக்கியம் அதுதான். எவ்வளவு படித்தவன் வாயிலிருந்து வருகிறதோ அவ்வளவு கேவலம். அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு புல்வெளியின் குறுக்கே வீட்டுக்குப் போனார். நான் அதே பொன்னாடையோடு சாசேஜ் தின்றேன்.

கொஞ்ச நாளில் கட்டையின் மேல் குங்குமம் வந்தது. மலேசிய அம்மாவின் மகனுக்கு நிரந்தர விசா இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அம்மா கட்டையைச் சுற்றி வந்து வேண்டியிருக்கிறார். விசா வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரால் தடுக்க முடியும்? நகரத்தின் இன்னொரு மூலையான எப்சத்திலிருந்து பிள்ளைகளின் பரீட்சைக்காக வந்தார்கள். மனுகாவிலிருந்து ஒரு குடும்பம் வாடகை வீடு கிடைக்க வேண்டிக்கொண்டு போனது. கயிற்றை விடாத தமிழர் கயிற்றுச்சாமி ஆனார். மூலையில் இருக்கும் 'டைரி'க்காரர், இந்த ஊரில் பெட்டிக்கடைக்கு அப்படித்தான் பெயர், எலுமிச்சம்பழக் கூடையைக் கடை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"சேர், உங்கட சாமிக்கு நேற்று ஒருத்தர் மோர்ட்கேஜ் வட்டி குறையவேணும் எண்டு நேர்த்தி வைச்சவர்" என்றார் யாழ்ப்பாணத்து நண்பர். "பலூன் சாமியிட்டப் போய் வட்டியைக் கீழ இறக்கச் சொல்லிக் கேட்டா அவர் என்ன செய்வார்? அவருக்கு மேல ஏத்தத்தானே தெரியும்."

நானும் சிரித்தேன். வீட்டில் மகள் சிரிக்கவில்லை. "அப்பா, பக்கத்து வீட்டம்மா உங்களைப் பாத்தா ஏன் உள்ள போயிடறாங்க?"

சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "முப்பது வருஷமா பசங்களுக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மறுநாள் வேலி வழியாக இல்லாமல் தெரு வழியாகச் சுற்றிப்போய் அம்மையார் வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அதற்காக நல்ல ஆங்கிலத்தில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றார். "அவர் விடலைன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க." கதவு சாத்திக்கொண்டது. ஓங்கிச் சாத்தவில்லை. ஓங்கிச் சாத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நடையின்போது கட்டைக்குப் பக்கத்தில் எல்லோரையும் நிறுத்தினேன். ஃபிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பினாங்குக்காரர்னு யாரும் இங்க இல்ல. நான் கட்டிவிட்டது" என்றேன்.

"இருக்காது ஐயா" என்றார் மலேசிய அம்மா. "எங்க பெரியப்பா ஒருத்தரு கப்பல்ல போனவரு. வீட்டுக்குத் திரும்பி வரவே இல்ல. நான் அவருன்னே நெனச்சுட்டேன்."

"உங்க பெரியப்பா இங்க வரலம்மா. எனக்குக் கை தட்டினீங்க, அதுக்காகச் சொன்னேன்."

"அப்ப என் மவன் விசா?"

"இமிக்ரேஷன்காரங்க குடுத்தாங்க."

யாழ்ப்பாணத்து நண்பர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "சேர், நெடுக வளைக்காமல் ஒண்டைச் சொல்லுங்கோ. கயித்தை விடாத மனுசன் ஒருத்தர் இருந்தவரோ, இல்லையோ?"

"இருந்தார். அந்த அம்மையாரோட அப்பா. எல்லாரும் விட்டப்போ அவர்தான் விடல. அவர் விட்டுட்டார்னு நான் மைக்கில சொன்னேன்."

"ஓம், அதைத்தான் கேட்டனான்" என்றார் அவர். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டாமல் ஃபிளாஸ்கை மூடினார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

மலேசிய அம்மா கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அப்ப சாமி அவருதான் லா. வெள்ளைக்காரரா இருந்தா என்ன? இத்தனை நாளு ஆளு மாத்திக் கும்பிட்டிருக்கோம், கோவப்படாம விசாவும் குடுத்திருக்காரு." உடனே அடுத்த கவலை வந்துவிட்டது. "அவருக்கு என்ன புடிக்கும்னு கேக்கணுமே."

யாரும் தடுக்குமுன் அவர் மைதானத்தைக் கடந்து அம்மையார் வீட்டு வாசலில் நின்றார். நான் தள்ளி நின்றேன். இரண்டு கிழவிகளும் வெகுநேரம் பேசினார்கள். பிறகு ஊன்றுகோலோடு அம்மையார் வெளியே வந்து, கட்டை வரைக்கும் நடந்து வந்தார். விரலால் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இது பெயின்டா?"

"இல்ல, இது மரியாதை" என்றார் மலேசிய அம்மா.

"எங்க அப்பா பிரஸ்பிடேரியன் சர்ச்காரர்."

"பரவால்ல. அவருக்கு என்ன புடிக்கும்?"

அம்மையார் யோசித்தார். "கறுப்பு பீர். இஞ்சி பிஸ்கட்."

"பிஸ்கட் வைக்கிறோம்" என்றார் மலேசிய அம்மா உறுதியாக.

அம்மையார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இவங்க எல்லாருக்கும் தெரியுமா, அவர் விடலைன்னு?"

"அதுனாலதான அவரு சாமி."

அவர் கட்டையின் விளிம்பில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்க்கும் தகுதியும் எனக்கு இல்லை. எழுந்து போகும்போதுதான் என் பக்கம் திரும்பினார். "இன்னும் மைக்கில சொல்லல" என்றார்.

அது சரிதான். சாசேஜ் தின்ற அத்தனை பேரும் பொய்யோடுதான் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். குழுத் தலைவியைப் பார்த்தேன். அடுத்த மைதான நாளில் மறுபடி பேசுகிறேன் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அந்தப் பினாங்குக்காரர் கதையை மறுபடி சொல்லுங்க, எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுது!" அங்கேயே உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் மைக்கைத் தருவதாகச் சொன்னார்.

இந்த வருடமும் ஃபிஜோவா பழுத்துவிட்டது. பை நிறைய வேலி மேல் வருகிறது. ஆனால் அது மலேசிய அம்மாவுக்கு; நான் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாசனை என் கையில் வீடு வரைக்கும் வருகிறது. கட்டையில் இஞ்சி பிஸ்கட் வைக்கிறார்கள். அதைக் கடல்புறாக்கள் தின்கின்றன. பினாங்குத் தமிழர் கதையை எப்சத்தில் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். நான் கட்டிவிட்டதைப் பிடித்து நிறுத்த என்னிடம் கயிறு இல்லை.

போன வாரம் பையை நீட்டியபோது அம்மையார் கையை உடனே எடுக்கவில்லை.

"அடுத்த தடவையும் நான் முதல் வரிசையிலதான் உட்காருவேன்" என்றார். "கோலும் கொண்டு வருவேன்."

கோல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. "கொண்டு வாங்க" என்றேன்.