கைக்குத் தைத்த ரிப் பட்டி

“...வேற எங்க வேணும்னாலும் குத்திக்கங்க சிஸ்டர், விரல்ல மட்டும் வேண்டாமுங்க,” என்று என் மனைவி இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ, விட்டுப்போன தையலோ, கண்ணுக்குத் தெரியும் முன்பே விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். கால்விரல் புண் பழுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபின், சர்க்கரை பார்க்கக் குத்திக் குத்தியே அந்த நுனிகள் மரத்துப்போயின. அதற்காகத்தான் மேல்கையில் சென்சார் ஒட்டினார்கள். ஒரு ரூபாய் நாணயம்போல ஒரு வில்லை; சர்க்கரை எவ்வளவு என்று போனில் காட்டிக்கொண்டே இருக்கும்.

மறுநாள் ஆபரேஷன். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால்தான் செய்வார்கள். தள்ளிப்போனால் அந்தக் கால்விரல் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போனில் ஐம்பத்தெட்டு. ரொம்பக் குறைச்சல்.

“ஐம்பத்தெட்டுன்னா வேர்க்கணுமே, கை நடுங்கணுமே! அக்கா தெம்பால்ல சண்டை போடுதாங்க,” என்றார் நர்ஸ். தெற்கத்திப் பெண். சந்தேகத்தோடு நைட்டிக் கையை மேலே ஏற்றினார். உள்ளே நான் தைத்த பட்டி. சென்சார் உரிந்து விழுந்துவிடக் கூடாதே என்று, கட்டிங் வேஸ்டில் ஒரு ரிப் துணி எடுத்து, எலாஸ்டிக் வைத்து முந்தினநாள் கொண்டுவந்து மாட்டியது. டைலர் கை, எதையும் தொளதொளவென்று விடாது.

“ஏண்ணே, பனியனுக்குக் கழுத்து வைக்கிற துணியக் கைக்கு வச்சுத் தச்சிருக்கீயளே!” என்று சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். “இப்படி இறுக்குனா சென்சார் கொறச்சுல்ல காட்டும். அதும்மேல அமுக்கிப் படுத்தாலே காட்டும்ணே.”

பட்டியை உருவினார். தோலில் தையல் தடம் அப்படியே பதிந்திருந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. “நேத்து சாயங்காலமும், இன்னிக்குக் காலையிலயும் இதே மாதிரி கொறச்சலாக் காட்டுச்சுங்க. உங்களை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு, நானே குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்துட்டனுங்க.”

நர்ஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “அப்ப நெசமா எம்புட்டு இருக்குன்னு நமக்கு யாருக்கும் தெரியாது,” என்று மட்டும் சொன்னார்.

என் மனைவி அந்தப் பட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“என்ற கைய அளக்காமயே தெச்சுப்போட்டீங்களாக்கும்,” என்றாள்.

பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, சுட்டுவிரலை நர்ஸிடம் நீட்டினாள்.