பக்கிரியின் காற்றாடியும் நாலு நம்பரும்

என் தம்பி பக்கிரிசாமி செய்யும் காற்றாடி எப்படி ஓடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் அதற்கு நேர்ந்த கதை புரியும்.

கிள்ளானில் பழைய கார்களை உடைத்துப் பாகம் பாகமாக விற்கும் கடையில் அவனுக்கு இருபத்தாறு வருடமாக வேலை. காரின் மூக்குக்குள், ரேடியேட்டருக்குப் பின்னால், என்ஜின் சூட்டைத் தணிக்க ஒரு காற்றாடி இருக்கும். கார் செத்தாலும் அதன் மோட்டார் சாவதில்லை. கடை முதலாளிக்கு அது எடைக்குப் போடும் இரும்பு. பக்கிரி அதைக் கேட்டு வாங்கி வருவான். வீட்டில் அதை அப்படியே ஓட்டினால் சுபாங்கில் விமானம் கிளம்புவதுபோல இரையும். அதனால் இரண்டிரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் இணைப்பான். பன்னிரண்டு வோல்ட்டில் ஆளுக்கு ஆறு. அப்போது இரண்டும் அடங்கி, மரியாதையாகச் சுற்றும். உடைந்த மேசைக் காற்றாடியின் இறக்கையை மாட்டி, கூரையில் ஒரு சூரியத் தகட்டை வைத்தால் வேலை முடிந்தது. பேட்டரி கிடையாது.

"வெயில் அடிச்சாதான் புழுக்கம். வெயில் அடிச்சாதான் இதுவும் சுத்தும். நடுவுல பேட்டரி எதுக்குக்கா?" என்பான்.

இது முழு உண்மை இல்லை. கிள்ளானில் மேகம் மூடினாலும் புழுங்கும். ஆனால் அவன் சொல்லும்போது எனக்கு அது நினைவுக்கு வருவதில்லை.

இந்த ஜோடி இணைப்புக்கு ஒரு குணம் உண்டு. இரண்டில் ஒன்றை யாராவது பிடித்து நிறுத்திவிட்டால், அதன் பங்கையும் மற்றது எடுத்துக்கொண்டு தலைதெறிக்கச் சுற்றும். எங்கள் வீட்டில் என் சேலை முந்தானை ஒன்றில் சிக்கியபோது, மற்றொன்று சாமி படத்துக்கு முன்னிருந்த திருநீற்றையெல்லாம் வாசல்வரை கொண்டுபோய்விட்டது.

அவனுக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஒருமுறை டெங்கிலில் பெண் பார்க்கப் போனோம். உள்ளே வடைக்கு அரைத்த மிக்சி கிறீச்சிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போனவன், அதைப் பிரித்துச் சரிசெய்து முடித்தான். பெண்ணைப் பார்க்காமலேயே வந்துவிட்டான். அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. மிக்சியும் ஓடுகிறதாம்.

இதில் என் பங்கு எண் எழுதுவது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கையுறைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பெட்டிகளுக்கு எண் எழுதினேன். எண் இல்லாத பெட்டி பெட்டியே இல்லை என்பது அங்கே பாடம். அதனால் ஒவ்வொரு மோட்டாரின் முதுகிலும் அது எந்தக் காரிலிருந்து வந்ததோ அந்தக் காரின் நம்பரை வெள்ளை மையால் எழுதி, ஒரு நோட்டிலும் குறித்துவைத்தேன். நாளைக்குப் பாகம் மாற்ற வேண்டுமென்றால் எந்த மாதிரிக் கார் என்று தெரிய வேண்டுமே. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். எல்லாக் குழப்பமும் அதிலிருந்துதான் வந்தது.

கேரி தீவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பழைய மண்டபத்தில், லோகேஸ்வரி டீச்சர் ஒரு பாலர் பள்ளி நடத்துகிறார். இருபத்திரண்டு பிள்ளைகள். தாய்மார்கள் தோட்டத்திலும் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளிலும் வேலைக்குப் போகிறவர்கள். எலி கடித்த கம்பிகளால் சுவரைத் தொட்டாலே ஷாக் அடிக்கிறது என்று மண்டபத்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். பழனியப்பன் என்ற அதிகாரி பார்வையிட வந்தார். தகரக் கூரையின்கீழ் பத்து நிமிடம் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்று வாரத்தில் இந்த அறைக்குக் காற்று வராவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. அந்த அறையில் பத்து நிமிடம் நின்ற யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

டீச்சர் பக்கிரியைத் தேடி வந்தார். பன்னிரண்டு வோல்ட் என்றால் பிள்ளைகள் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. தகடு கூரைமேல், காற்று அறைக்குள். ஆறு காற்றாடி, மூன்று ஜோடி செய்து தருகிறேன் என்று பக்கிரி வாக்குக் கொடுத்தான். பள்ளி மூடிவிட்டால் அந்தத் தாய்மார்கள் பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள் என்று அன்று முழுவதும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தான், எனக்குத் தெரியும் என்பதுபோல.

அந்த வாரம் பார்த்துத்தான் எங்கள் அடுத்த வீட்டு வேலாயுதத்துக்கு நாலு இலக்க லாட்டரியில் நம்பர் அடித்தது.

வேலாயுதம் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் ஒரு கார் மோதி நின்றால், இழுத்துப்போகும் லோரி வருவதற்கு முன்பே அதன் நம்பரை நம்பர் கடையில் எழுதிவிடுவார்கள். அடிபட்ட வண்டியின் நம்பருக்கு அப்படி ஒரு ராசி என்று பேச்சு. வேலாயுதம் தன் வீட்டில் மாட்டிய காற்றாடியைத் துடைக்கும்போது முதுகில் 4172 என்று என் கையெழுத்தைப் பார்த்தார். எழுதினார். விழுந்தது. ஆறுதல் பரிசுதான். ஆனால் முதல் பரிசு கிடைத்தவன் வாயை மூடிக்கொள்வான். ஆறுதல் பரிசு கிடைத்தவன்தான் ஊரெல்லாம் சொல்லுவான்.

மறுநாள் பக்கிரி வேலை செய்யும் கடை வாசலில் கூட்டம். எல்லாருக்கும் பக்கிரியின் காற்றாடி வேண்டும். பக்கிரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. முதலில் வந்தவர் மோட்டாரைத் திருப்பிப் பார்த்து, அது வந்த காரைப் பற்றிக் கேட்டார்.

"பொஸ், இது அடிபட்ட காடியா?"

"இல்லண்ணே. ஒரு டீச்சரம்மா காடி. புதுசு வாங்கிட்டு இதத் தள்ளிட்டாங்க."

"ஒரு கீறல்கூட இல்லையா?"

"பின்னால லேசா இடிச்சிருக்கு. காய்கறிப் பாசார்ல ரிவர்ஸ் எடுக்கறப்ப."

"யாருக்காச்சும் அடியா?"

"ஒரு பலாப்பழத்துக்கு."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டார். மறுநாள் திரும்பி வந்து, பலாப்பழம் எத்தனை கிலோ என்று விசாரித்தார்.

நல்லபடியாக வாழ்ந்து முடித்த கார்களின் மோட்டாரை யாரும் தொடவில்லை. நசுங்கிய கார் என்றால் அடிதடி. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரெயில் ஏறி வந்த ஒருவர், கவிழ்ந்த எண்ணெய் லோரியின் மோட்டார் கிடைக்குமா என்றார். அது வீட்டுக்குள் வைத்தால் ஆளையே தூக்கிவிடும் என்று பக்கிரி விளக்கினான். சுற்றவிடப் போவதில்லையே என்றார் அவர்.

அந்த வார்த்தை பக்கிரியின் மனதில் தைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். என்னிடம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். எல்லா வீட்டிலும் நம்பர் தெரிய வேண்டும் என்று காற்றாடியைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். முதுகு அறையைப் பார்க்க, முகம் சுவரைப் பார்க்க. முதுகில் சந்தனம், குங்குமம், ஒரு வீட்டில் எலுமிச்சை. ஓடிக்கொண்டிருந்த ஒரே காற்றாடி ஒரு நாட்காட்டிக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"இருபத்தாறு வருஷம் கத்துக்கிட்டு, செவுத்துக்குக் காத்து அடிக்கிறேன்க்கா" என்றான்.

தின்னரும் பழந்துணியும் எடுத்துப்போய், கேரி தீவுக்கென்று வைத்திருந்த ஆறு மோட்டார்களின் முதுகையும் சுத்தமாகத் துடைத்தேன். நோட்டு எங்கே என்று வேலாயுதம் கேட்டபோது, எரித்துவிட்டேன் என்றேன். பெரிய பொய் என்று பார்த்தால் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். நோட்டு அரிசி டின்னுக்குள் இருந்தது.

வேலாயுதம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மத்ததையெல்லாம் விட்டுட்டு இந்த ஆற மட்டும் நீ அழிச்சிருக்கேன்னா, அதுல என்னமோ இருக்கு வீரம்மா" என்றார்.

இப்படித்தான் கேரி தீவுக்கு யாத்திரை தொடங்கியது. சனிக்கிழமை ஆறு காற்றாடிகளையும் மண்டபச் சுவரில் மாட்டினோம். பிள்ளைகள் வரிசையாகப் பாய் விரித்து மதியம் தூங்கினார்கள். வியர்வையில்லாமல் பிள்ளைகள் தூங்குவதை டீச்சர் கதவருகே நின்று பார்த்தபடியே இருந்தார். திங்கட்கிழமை கிள்ளானிலிருந்து இரண்டு வேன்கள் வந்தன. அழிந்த எண் பென்சிலால் தேய்த்தால் தெரியும் என்று ஒருவர், டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தெரியும் என்று ஒருவர். டீச்சர் துடைப்பத்தோடு வந்ததும் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்கள். செவ்வாய்க்கிழமை அதிகாரி வரும்போதும் அங்கேதான் நின்றார்கள்.

அதிகாரி பழனியப்பன் உச்சிவெயிலில் வந்தார். நல்ல வேளை; அதுதான் எங்கள் காற்றாடிக்குப் பொன்னான நேரம். அறைக்குள் வந்தவர் கைக்குட்டையை எடுத்தார், பிறகு பையிலேயே வைத்துக்கொண்டார். மேசையில் படிவத்தை, நாங்கள் பாரம் என்பதை, விரித்து உட்கார்ந்தார். பக்கிரி மூச்சுவிடாமல் நின்றான்.

அந்த நேரம் பார்த்து, வேலாயுதம் ஜன்னல் வழியாக ஒரு கம்பில் மாட்டிய சாமந்தி மாலையை நீட்டி, நாலாவது காற்றாடிக்குச் சாத்தினார். கடைசி வேண்டுதலாம். மாலை இறக்கையில் சுற்றிக்கொண்டது, காற்றாடி நின்றது. அதன் ஜோடி அதிகாரியின் தலைக்கு நேர் பின்னால் இருந்தது. அது நின்றதன் பங்கையும் எடுத்துக்கொண்டு இரையத் தொடங்கியது. அதிகாரி வழுக்கையை மறைக்க இழுத்துச் சீவியிருந்த முடி எழுந்து நின்றது. பாரம் மேசையிலிருந்து கிளம்பி, ஜன்னல் வழியாக, செம்பனைப் பக்கம் பறந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வெளியே நின்றவர்கள் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுக்கக் கொஞ்சம் தாமதமானது. பாரத்தின் மூலையில் அச்சடித்திருந்த எண்ணை எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பக்கிரி கத்தரிக்கோலால் மாலையை வெட்டி எடுத்தான். இரண்டு காற்றாடிகளும் மறுபடி மரியாதைக்குத் திரும்பின. அதிகாரி முடியை ஒழுங்கு செய்துகொண்டு, ஏன் அப்படி ஆனது என்று கேட்டார். ஒன்று நின்றால் மற்றது அதற்கும் சேர்த்து உழைக்கும் என்று பக்கிரி சொன்னான். அதிகாரிக்கு அது பிடித்துப்போனது. தன் அலுவலகத்தில் அப்படி யாரும் இல்லை என்றார். ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் பேனாவை நிறுத்தினார்.

"இதுக்கு நம்பர் எங்கம்மா?"

என்ன நம்பர் என்று டீச்சர் கேட்டார்.

"ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர் இருக்கணும். கட்டம் கோசோங்கா, காலியா போனா மேலருந்து திருப்பி அனுப்பிடுவாங்க. மறுபடி நான் அடுத்த மாசந்தான் வர முடியும். அதுவரைக்கும் தொறக்க வேணாம்."

டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தார். பக்கிரி என்னைப் பார்த்தான்.

"அக்கா" என்றான். அவ்வளவுதான்.

எண் இல்லாத பெட்டி பெட்டியே இல்லை என்று முப்பத்தொரு வருடம் சொன்னவள் நான். நானே அல்லவா துடைத்தேன். கைப்பையைத் திறந்து நோட்டை வெளியே எடுத்தேன். அரிசி டின்னிலிருந்து அன்று காலை ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்டால், எந்தச் சாமானோடும் அதன் கணக்கு நோட்டு கூடவே போக வேண்டும் என்பதுதான் பதில். ஜன்னலில் வேலாயுதம், "எரிச்சுட்டேன்னியே வீரம்மா" என்று, நெஞ்சில் அடிபட்டவர்போலச் சொன்னார்.

அதிகாரியின் காதருகே குனிந்து முதல் எண்ணை மெதுவாகச் சொன்னேன்.

"சத்தமாச் சொல்லுங்கம்மா. இந்தக் காது எனக்குச் சரியாக் கேக்காது."

மாற்றிச் சொல்லலாம், பொய் எண் சொல்லலாம். எனக்கு அது வராது. தவிர, அந்தப் பாரத்தில் பொய் இருந்தால் பள்ளியும் பொய்யாகத்தானே நிற்கும். நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல ஆறையும் சொன்னேன். 7305. 2294. 5561. 9038. 1647. வெளியே கைபேசிகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஆறாவது 816 என்றதும், முன்னால் சைபரா பின்னால் சைபரா என்று ஜன்னலில் ஒரு சண்டை கிளம்பியது. அதிகாரி எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். பள்ளி நடக்கலாம் என்றார். டீச்சர் அவருக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். அவர் குடித்து முடித்து, கிளம்பும்போது, கதவில் நின்று, அந்த நாலாவதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பாரம் ஏற்கெனவே பைக்குள் போயிருந்தது.

அந்த வாரம் ஆறு எண்ணில் ஒன்றும் விழவில்லை. அடுத்த வாரமும் இல்லை. முன்னால் சைபர் போட்டவருக்கும் இல்லை, பின்னால் போட்டவருக்கும் இல்லை. கிள்ளானில் எங்கள்மேல் ஒரே கோபம். கடைப் பக்கம் யாரும் வரவில்லை. பிறகு மார்ச் மாத வெயில் தொடங்கியது. ஒவ்வொரு வீடாக, கோபத்தோடேயே, சந்தனத்தைத் துடைத்துவிட்டுக் காற்றாடியைத் திருப்பி மாட்டினார்கள்.

வேலாயுதம்தான் கடைசி. ஒரு மதியம் எங்கள் வாசலில் வந்து நின்றார். சட்டை பொத்தான்களைத் திறந்துவிட்டிருந்தார். ஆள் குளுகுளுவென்று இருந்தார்.

"பக்கிரி, ஒன் காத்தாடில ஒன்னுமே இல்லடா. வெறும் காத்துதான் வருது, லா."

பக்கிரி அவர் போகும்வரை பொறுத்திருந்தான். பிறகு என் நோட்டை எடுத்துவந்து, அவர் சொன்னதை அப்படியே எழுதி, கீழே தேதியும் போடச் சொன்னான். எழுதினேன். தேதிக்குப் பக்கத்தில், சாட்சிக்கு, அந்தக் காற்றாடியின் நம்பரையும் எழுதினேன்.