சீர்வரிசையில் போன ரோபோ

திண்டிவனத்தில் கல்யாணத்துக்குக் கட்டில் பீரோ வாங்கியவர்கள் யாரைக் கேட்டாலும் என் தம்பி சின்னதுரையைப் பற்றி ஒரே பேச்சுத்தான் பேசுவார்கள். அவன் மாட்டிய கட்டில் ஆடாது. பிள்ளைகள் ஏறிக் குதிக்கட்டும், மாமியார் புரண்டு படுக்கட்டும், ஆடாது.

செஞ்சி ரோட்டில் ஒரு பர்னிச்சர் கடையில் அவன் ஃபிட்டர். சரக்கெல்லாம் கம்பெனியிலிருந்து பலகை வேறு, கால் வேறு, ஸ்குரூ வேறாக அட்டைப் பெட்டியில் வரும். மற்ற ஃபிட்டர்கள் பெட்டியை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டு போய் அங்கேயே பிரித்து மாட்டுவார்கள். சின்னதுரை மட்டும் பெண் வீட்டிலேயே முழுசாக மாட்டி, டெம்போவில் நிற்க வைத்துக் கயிறு கட்டி, ஊர் பார்க்கக் கொண்டு போவான். மாப்பிள்ளை வீட்டு வாசலில் கட்டில் நுழையவில்லை என்றால் கதவைக் கழற்றுவானே தவிர கட்டிலைக் கழற்ற மாட்டான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் சித்தி மகள் தையல்நாயகிக்குக் கல்யாணம் ஆனபோது பீரோ பெட்டியிலேயே போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் பிரித்துப் பார்த்தால் கைப்பிடி ஒன்று குறைகிறது. அவளுக்குப் பேரன் பிறந்த பிறகும் அந்த வீட்டில் அவளைக் கைப்பிடி இல்லாத வீட்டுப் பொண்ணு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சீர் என்பது முழுசாக நிற்க வேண்டும், துண்டாகப் போனால் குறை என்பது அன்றைக்கு அவன் மனசில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது.

அப்படிப்பட்டவன் தன் ஒரே மகள் இளவரசிக்கு மாப்பிள்ளை பார்த்தான். கடவுள் புண்ணியத்தில் விழுப்புரத்தில் நல்ல இடம் அமைந்தது. பையன் மணிமாறன் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறார். தங்கமான பிள்ளை. ஒரே ஒரு குறை, சீர் வேண்டாம் என்றுவிட்டார்.

"கூச்சப்படாம சொல்லுங்க மாப்ள. பைக்கு?"

"இருக்குது மாமா."

"பீரோ?"

"அதுவும் இருக்குது மாமா."

"கட்டிலாவது..."

"எல்லாம் இருக்குது மாமா. உங்க பொண்ணு வந்தா போதும்."

வேறு வீடாக இருந்தால் மாப்பிள்ளையை மாலை போட்டுக் கும்பிட்டிருப்பார்கள். சின்னதுரை இரண்டு வேளை சோறு சரியாகத் தின்னவில்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சீர் மாட்டிய கை, சொந்த மகளுக்குச் சும்மா இருப்பதா என்று கவலை. கடையிலிருந்து போன், பஸ்ஸிலிருந்து போன், டீக்கடையிலிருந்து போன். மாப்பிள்ளைக்குப் பேஜாராகிப் போய், கடைசியில் செல்போனில் ஒரு படம் அனுப்பினார். "இது ஒண்ணு வாங்கிக் குடுங்க மாமா, போதும்."

படத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். காலை அகட்டி, தலையில் கொம்பு வைத்து, கத்தியை ஓங்கிக்கொண்டு ஓர் உருவம் நின்றது. கால்மாட்டில் வீடுகள் எல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன.

"எந்த ஊரு முனீஸ்வரன்டா இது?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"ரோபோக்கா. ஜப்பான்காரன் பண்றான். பொம்மைதான்."

"இம்மாம் பெருசா எங்கடா வப்பாங்க?"

"படத்துலதான் பெருசு."

கடை முதலாளியைப் பிடித்து ஆர்டர் போட்டான். கூரியரில் வந்தபோது புடவைப் பெட்டி அளவுதான் இருந்தது. திறந்தால் பொம்மையைக் காணோம். பிளாஸ்டிக் சட்டம் சட்டமாக அடுக்கி வைத்திருந்தது. ஒவ்வொரு சட்டத்திலும் விரல், முட்டி, தோள், காது என்று காயும் பிஞ்சுமாகத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கூடவே படம் போட்ட ஒரு புத்தகம்.

அவன் மனைவி சித்ரா, "ஒடைஞ்சி வந்துக்குது அண்ணி, திருப்பி அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

என் தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே. சாமி புறப்பாடு பார்த்த மாதிரி இருந்தது. "ஒடையலடி. மாட்டாம வந்துக்குது. நான் ஃபிட்டர்னு தெரிஞ்சிதான் மாப்ள இத கேட்டுக்கிறாரு. என் கையால மாட்டிக் குடுக்கணும்னு ஆசப்படறாருக்கா."

எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. பெரிய மனசு என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு வேலையில் உட்கார்ந்தான். வீட்டில் மல்லாட்டைக் கடலை உரிப்பதைக்கூட நிறுத்தச் சொன்னான், தோல் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளுமாம். புத்தகத்தில் எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. அவனும் என்னைப் போல ஐந்தாவதுதான், தமிழாக இருந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. படத்தைப் பார்த்து, நகவெட்டியால் ஒவ்வொரு துண்டாக நறுக்கி, நறுக்கிய இடத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, கன்னத்தில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பான். பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற பக்குவம்.

கால் சேர்ந்தது, உடம்பு சேர்ந்தது. அங்கேதான் சிக்கல். முழங்கையைப் பிடித்தால் மடங்குகிறது. முட்டியைத் தொட்டால் மடங்குகிறது. கழுத்து திரும்புகிறது.

"ஆடுதுக்கா" என்றான். குரலே இறங்கிவிட்டது. "எல்லா எடத்துலயும் ஆடுது. எங்கியோ தப்பு பண்ணிட்டேன்."

மறுபடி கழற்றினான், மாட்டினான். அப்போதும் ஆடியது. ஜப்பான்காரன் பசை கொடுக்க மறந்துவிட்டான் என்று முடிவு செய்து, கடையில் லேமினேட் ஒட்டுகிற பசையைக் கொண்டுவந்தான். ஒட்டுவதற்கு முன்னால் சித்ரா ஒரு நியாயம் கேட்டாள்.

"சம்பந்தி வீட்டுக்குப் போற பொருளு, கத்திய ஓங்கிக்கினா போவும்? நாளைக்கி எதுனா ஒண்ணுன்னா நம்ம தலமேல வெப்பாங்க."

சரிதானே. கத்தியை முதுகில் சாய்த்து ஒட்டினான். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, வணக்கம் சொல்கிற மாதிரி வைத்து, மூட்டு மூட்டுக்குப் பசை விட்டான். காய்ந்த பிறகு பிடித்து உலுக்கினான். மலை மாதிரி நின்றது.

ஆனால் சட்டத்தில் இன்னொரு ஜோடி கை மிச்சம் இருந்தது. விரல் விரித்த கை. மாட்டி முடித்த பிறகு ஒரு ஸ்குரூ மிஞ்சினாலே ராத்தூக்கம் போகிறவன் அவன். கையே மிஞ்சினால் என்ன ஆவான். புத்தகத்தைத் தலைகீழாகக்கூடப் பார்த்தான்.

நான்தான் சொன்னேன். "மீந்தது கையிதானடா? காலா இருந்தா யோசிக்கணும். கையின்னா சாமிக்கு நாலு இல்லியா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை. தோளுக்குப் பின்னால் இரண்டு கையையும் அபயம் காட்டுகிற மாதிரி ஒட்டினான். பெட்டியில் வெறும் சட்டம்தான் மிச்சம். அடுத்த பௌர்ணமிக்குத் திருவக்கரை போனபோது நான் அதை வக்கிரகாளியம்மன் சந்நிதியில் கொடுத்துப் பாதத்தில் வைத்து வாங்கி வந்தேன். பூசாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். கும்பிட்டபடி நின்றதால் ஒன்றும் கேட்காமல் நெற்றியில் குங்குமம் வைத்துக் கொடுத்தார்.

இளவரசி சென்னையில் ஆஸ்டலில் தங்கி ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்கு லீவு போட்டுக்கொண்டு வந்தவள், சாமி அலமாரிக்குக் கீழே அதைப் பார்த்ததும் பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"எப்டிக்கீது?" என்றான் அவள் அப்பன்.

"நல்லாக்கீதுப்பா."

என்னைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "அத்தே, யாரு இந்த வேல பாத்தது?"

"உங்கப்பன்தான். ஏண்டி?"

"அவரே மாட்டறத்துக்குதான் அத்தே அப்பாகிட்ட கேட்டாரு. ஒரு ஒரு ஞாயித்துக்கெழமையும் ஒக்காந்து ஆச ஆசயா மாட்டுவாரு. மாட்டறதுதான் அதுல வெளையாட்டே. அப்பறம் கைய கால மடக்கி வேற வேற மாதிரி நிக்க வெச்சி பாப்பாரு. அதுக்குதான் அது ஆடுது."

தொடுப்பதற்குப் பூ கேட்டவரிடம், பூசையையும் முடித்து வெறும் நாரைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே. "இப்ப உங்கப்பன்கிட்ட சொல்லலாமா?"

"வேணாம் அத்தே. தாங்க மாட்டாரு."

அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று அம்மனை வேண்டிக்கொண்டு விழுப்புரம் வேனில் ஏறினேன். சின்னதுரைக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. மடியில் ரோபோவை வைத்துக்கொண்டு, குலுங்கும்போதெல்லாம் எங்களைப் பார்த்து, "பாத்தியா, ஆடல" என்றான்.

மண்டபத்தில் சீர்த் தட்டுகளை வரிசையாகப் பரப்பினோம். சம்பந்தி அம்மா அம்சவள்ளி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே வந்தார். குத்துவிளக்கைச் சுண்டிப் பார்த்தார். ஜமுக்காளத்தைக் கிள்ளிப் பார்த்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு நடுவில் நின்ற ரோபோவிடம் வந்ததும் சுண்டுவதா கிள்ளுவதா என்று தெரியாமல் நின்றுவிட்டார்.

"இது இன்னா சம்பந்தி, நாலு கையி?"

"கம்பெனி குடுத்ததுல ஒண்ணு வுடல சம்பந்தி. முழுசா மாட்டியாச்சு."

அந்த அம்மாள் மகனைக் கூப்பிட்டார். மணிமாறன் கூட்டாளி தென்னரசுவோடு வந்தார். அவரும் இந்த ரோபோ பைத்தியம்தானாம். தென்னரசு பார்த்தவுடன், "டேய், இத பசை போட்டு..." என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை அவர் காலை மிதித்ததை நான் பார்த்தேன்.

மணிமாறன் ரோபோவைக் கையில் எடுத்தார். விளக்கு வெளிச்சத்துக்கு நேரே தூக்கித் திருப்பினார். நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். முதுகில் கத்தி, தோளில் கை. நகத்தால் ஓரமெல்லாம் வருடினார். முழங்கையை மெல்ல அழுத்தினார். முட்டியை அழுத்தினார். கழுத்தைத் திருப்பப் பார்த்தார். இளவரசி மேடையிலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முந்தானைக்குள் கையைக் கூப்பிக்கொண்டேன்.

சின்னதுரை பக்கத்தில் போய் நின்றான். "எவ்ளோ வேணா ஆட்டிப் பாருங்க மாப்ள."

மணிமாறன் இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு என் தம்பி முகத்தைப் பார்த்தார்.

"ஆடல மாமா."

என் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

"வெட்டுன எடமே தெரியல மாமா. எனக்குக்கூட இப்டி வராது" என்றார் மாப்பிள்ளை. அது மட்டும் மனசறிந்து சொன்னது என்று தென்னரசு தலையாட்டியதில் தெரிந்தது. மகனே சொல்லிவிட்டதால் அம்சவள்ளி அம்மாளும், "கொற சொல்ல ஒண்ணும் இல்ல" என்று அடுத்த தட்டுக்குப் போனார். சின்னதுரை பிறந்ததிலிருந்து காத்துக்கொண்டிருந்த வார்த்தை அதுதான்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் இளவரசியும் நினைத்தோம்.

மறுவீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளை அறையில் கண்ணாடி அலமாரி முழுக்க ரோபோக்கள். ஒன்று மண்டியிட்டிருந்தது, ஒன்று பறந்தது, ஒன்று திரும்பிப் பார்த்தது. நட்ட நடுவில் நம்முடையது கும்பிட்டுக்கொண்டு நின்றது. மற்றதெல்லாம் சண்டைக்கு வந்தவை மாதிரியும், இது மட்டும் சமாதானம் பேச வந்தது மாதிரியும் இருந்தது.

சின்னதுரை அலமாரியைத் திறந்து பறக்கிற ரோபோவைத் தொட்டான். கை தொங்கி ஆடியது. அடுத்ததைத் தொட்டான். அதுவும் ஆடியது. அவன் முகம் வாடியது.

"யாரு மாப்ள மாட்டுனது இதெல்லாம்?"

"நான்தான் மாமா."

பாவம் என்று ஒரு பார்வை பார்த்தான். "பரவால்ல. புதுசுல அப்டிதான். பசை பையிலதான் இருக்குது." மூலையில் பிரிக்காத பெட்டிகள் அடுக்கியிருந்ததையும் அப்போதுதான் பார்த்து, ஒன்றைக் கையில் எடுத்தான். "இம்மாம் இருக்குதா. நேரமே கெடைக்கல போல. ஒரு வாரம் லீவு போட்டுக்கினு வந்து எல்லாத்தயும் ஜல்தியா மாட்டிக் குடுத்துர்றேன்."

மாப்பிள்ளை திரும்பி இளவரசியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவர் கண் சுவரெல்லாம் அலைந்து காலண்டரில் போய் நின்றது. அதில் வக்கிரகாளியம்மன் படம்.

"வேண்டுதல் மாமா" என்றார்.

"இன்னாது?"

"நானேதான் மாட்டணும்னு வேண்டிக்கினு இருக்கேன். வேற யாரு கையும் படக் கூடாது. பசையும் படக் கூடாது. திருவக்கரை அம்மாவுக்கு."

சின்னதுரை கையிலிருந்த பெட்டியைச் சட்டென்று கண்ணில் ஒற்றி, எடுத்த இடத்திலேயே வைத்தான். பசை டப்பாவைப் பைக்குள் தள்ளினான். "தெரியாம தொட்டுட்டேன் மாப்ள" என்று அலமாரிக்கு நேரே கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பொய்தான். எனக்குத் தெரியும், அம்மனுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு மனுசன் மனசு உடையாமல் இருக்க அவள் பேரைச் சொன்னதற்குத் தாய் கோபிக்க மாட்டாள் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கோபிக்கவும் இல்லை, சும்மா விடவும் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா என்று சின்னதுரை செஞ்சி ரோடு முழுக்கச் சொல்லிவிட்டான். வேண்டுதல் உள்ளவர் வராமல் இருக்கலாமா என்று பௌர்ணமி தவறாமல் மாப்பிள்ளையைத் திருவக்கரைக்கு வரவழைக்கிறான். அதுவரை கோயில் பக்கமே போகாத பிள்ளை என்று அம்சவள்ளி அம்மாள் எங்களுக்கு நன்றி சொல்கிறார்.

போன பௌர்ணமிக்கும் வந்திருந்தார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடக்கும்போது என் தம்பி அக்கறையாக விசாரித்தான்.

"இன்னும் எவ்ளோ பாக்கி மாப்ள?"

"தீர்ற மாதிரி இல்ல மாமா. புதுசா ரெண்டு வந்துக்குது."

இளவரசி வெடுக்கென்று திரும்பினாள். அந்த இரண்டு பெட்டி வந்தது அவளுக்கே அப்போதுதான் தெரியும். அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பன் கையமர்த்தினான்.

"வாங்கட்டும்மா. வேண்டுதல்ல குறுக்க பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கோயில் வாசல் வந்ததும் தன் செருப்போடு மாப்பிள்ளை செருப்பையும் சேர்த்து ஓரமாக வைத்தான்.