வாத்து மூக்கு அன்னம்

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவிலிருந்து கல்யாணமாகிப் போன பெண்களில் பாதிப் பேரைக் கரையேற்றியது என் அன்னம். மீதிப் பாதியை என் கிளி கரையேற்றியது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் திண்டுக்கல்லில் பெண் பார்க்க வருகிறவர்கள், சமைப்பாளா, பாடுவாளா, கைவேலை தெரியுமா என்று கேட்பார்கள். சமையலை அன்றைக்கே சோதிக்க முடியாது; பஜ்ஜி யார் போட்டது என்று பஜ்ஜியில் எழுதியிருக்காது. பாட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று தப்பித்துவிடலாம். கைவேலைக்கு மட்டும் சாட்சி வேண்டும். கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் பட்டு நூலால் ஒரு பறவையைத் தைத்துப் போட்டு, அதற்குக் கண்ணாடிச் சட்டம் அடித்து, மாப்பிள்ளையின் அம்மா உட்காரப்போகும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டிவைப்பார்கள். பெண்ணின் அம்மா அதைக் கவனிக்காதவள் போல இருந்து, அந்த அம்மாளின் கண் அங்கே போனதும், "சும்மா பொழுதுபோகாம எங்க புள்ள போட்டது" என்பாள்.

பொழுதுபோகாமல் போட்டது நான்.

எங்கள் தெரு பூட்டுப் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் எங்கள் எல்லோருக்கும்தான் சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் அந்த நேரத்தில் மேசைக்கடியில் புளியங்காய் தின்றார்கள். நான் ஒருத்திதான் கற்றுக்கொண்டேன். அதிலும் காலண்டர் படத்தின் மேல் கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுப்பது எனக்குப் பிடிக்காது. என் பறவையை நானே வரைவேன். அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு.

அன்னம் வரைய வேண்டுமென்றால் அன்னத்தைப் பார்த்திருக்க வேண்டும். திண்டுக்கல்லில் அன்னத்துக்கு எங்கே போவது? அறுவடை முடிந்த வயல்களில் மேய்க்கக் கொண்டுவரும் வாத்துக் கூட்டத்தைத்தான் நான் பார்த்திருந்தேன். அதில் ஒரு வாத்தின் கழுத்தை நீட்டி, இறக்கையை விரித்து, தாமரைக்குப் பக்கத்தில் மிதக்கவிட்டேன். மூக்கு மட்டும் வாத்து மூக்காகவே நின்றுவிட்டது. தட்டையாக, நுனி லேசாகத் தூக்கிக்கொண்டு, யார் பேச்சையோ கேட்டு அலுத்துப்போன மாதிரி இருக்கும். மாற்றச் சொல்லி அம்மா பலமுறை சொன்னாள். என் அன்னத்துக்கு அதுதான் மூக்கு என்று சொல்லிவிட்டேன்.

தெருவில் எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வருவதாக இருந்தாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத் துணி வந்துவிடும். பேகம்பூரில் நூல் விற்ற பாய், நான் பச்சை நூல் கூடுதலாகக் கேட்டால், "எந்த வீட்லம்மா விசேஷம்?" என்று விசாரிப்பார். படம் போனபிறகு யாரும் என் பேரைச் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. ஒரு பெண்ணின் வாழ்க்கையாயிற்றே, வாயைத் திறக்காதே என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஆனால் கல்யாண வீடுகளில் என் அன்னத்துக்குக் கீழே உட்கார்ந்து, "என்னமா போட்டிருக்கா பாரேன்" என்று அடுத்தவளைப் புகழ்வதைக் கேட்டுக்கொண்டே பாயசம் குடிப்பது சுலபமில்லை. எனக்குப் பெண் பார்க்க வரும் நாளில், என் படத்தின் முன்னால் நின்று, நான் போட்டது என்று வாய் நிறையச் சொல்ல வேண்டும். அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன். மாப்பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்றுகூட அவ்வளவு யோசித்ததில்லை.

அடுத்த வீட்டில் என் தோழி இருந்தாள். கதைப்புத்தகத்தைப் படித்து நடித்துக்காட்டுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் மட்டும் ஊசிக்கு ஒரு பக்கமும் நூலுக்கு ஒரு பக்கமுமாகக் கை போகும். வடமதுரையில் தானியக்கடை வைத்திருந்த வீட்டிலிருந்து அவளைப் பார்க்க வந்தபோது, வழக்கம்போல ஓர் அன்னம் போட்டுக் கொடுத்தேன். தையல்களின் பேரையெல்லாம் பாடம் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தேன். அவள் அத்தனையும் ஒப்பித்து, இந்த இறக்கைக்கு மட்டும் ஒரு மாசம் ஆச்சு என்று நான் சொல்லித்தராத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். கல்யாணம் முடிந்து அன்னத்தோடு வடமதுரை போனாள்.

அடுத்த வருடம் அதே வீட்டில் இளைய மகனுக்குப் பெண் தேடினார்கள். என்னைச் சொன்னது தோழிதான். ஒரே வீட்டில் இருவரும் ஓரகத்தி ஆகிவிடலாம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கென்று ஒரு படம் போட்டேன். இரண்டு அன்னங்கள், நடுவில் தாமரை, தண்ணீரில் அவற்றின் நிழல். நான் போட்டதிலேயே அதுதான் உயர்ந்தது. அம்மா அதோடு நிற்காமல் ரேடியோ உறை, தலையணை உறை, மணி கோத்த நிலைத்தோரணம், விசிறிக்குக் குஞ்சம் என்று வீட்டையே கண்காட்சியாக்கிவிட்டாள். அப்பா உட்கார இடமில்லாமல் வாசலில் நின்றார்.

மாப்பிள்ளை, அவருடைய பெற்றோர், மூத்த மருமகளாக என் தோழி என நாலு பேரும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். நிமிர்ந்தார். எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எங்க வீட்ல தொங்குதே, அதே மூக்கு. உலகத்துல எந்த அன்னத்துக்கும் இப்படி மூக்கு இல்ல. இதை யாரு போட்டது?"

நான் காத்திருந்த கேள்விதான். ஆனால் அதைக் கேட்ட நேரம் சரியில்லை. தோழியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. நான் போட்டேன் என்று சொன்னால், அங்கே தொங்குவதையும் நான்தான் போட்டேன் என்றாகிவிடும். ஒரு வருடமாகத் தலைவலி, கண் எரிச்சல் என்று சொல்லி ஊசியைத் தொடாமல் காலம் தள்ளியவள் அவள். நாளைக்கு அந்த வீட்டில் சோறு அவளுக்குத் தொண்டையில் இறங்குமா?

"அவுகதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாக" என்றேன், தோழியைக் காட்டி.

ஏடி போடி என்று கூப்பிட்டுப் பழகியவளுக்கு நான் கொடுத்த முதல் மரியாதை அது. சொல்லும்போதே வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. மூத்தவள் கற்றுக்கொடுத்து இளையவள் கற்றிருக்கிறாள், இனிமேல் ஒரே வீட்டில் இருவரும் சேர்ந்து போடலாம் என்று கணவரிடம் சொன்னார். பேச்சு முடிந்த மாதிரிதான். அம்மா தாம்பூலத் தட்டை எடுக்கப் போனாள்.

அப்போது தோழி எழுந்தாள்.

"அத்தே, நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. எனக்கு நூல் கோக்கவே வராது. நம்ம வீட்ல இருக்கதும் இவ போட்டதுதான். இந்தத் தெருவுல எந்த வீட்டுக்குப் போனாலும் இவ போட்டதுதான் தொங்கும்."

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒருத்தி செய்யாததச் செஞ்சேன்னா. இன்னொருத்தி செஞ்சதச் செய்யலேங்கிறா. ரெண்டு பேத்தையும் ஒரே வீட்ல வச்சிருந்தா என்னைய வித்துப்புட்டு வந்துருவாளுக."

கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என்னை அல்ல, தொடாமல் விட்ட கேசரியை. அம்மா அன்றைக்கு என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எனக்கும் அழுகைதான். ஆனால் அழுகைக்கு நடுவிலும் தோழி சொன்னதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நாலு பேர் முன்னால் ஒருத்தி என் வேலையை என் வேலை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

தோழி மேல் அவள் மாமியாருக்கு இருந்த கோபம், அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் தணிந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள் நேராக என்னிடம் வந்து, தையல் கற்றுக்கொடு என்று பிடிவாதமாக உட்கார்ந்தாள். அப்படி ஒரு மாணவி எதிரிக்கும் வாய்க்கக் கூடாது. கிளி போடச் சொன்னால் பெருச்சாளி போட்டாள். பிரித்துப் போடச் சொன்னேன். இன்னும் பெரிய பெருச்சாளி வந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு கைக்குழந்தையோடு வடமதுரை திரும்பினாள்.

பிறகு எனக்கும் சாணார்பட்டிப் பக்கத்தில் பூ விவசாயம் செய்கிற குடும்பத்தில் கல்யாணமானது. அவர்கள் பெண் பார்க்க வந்தபோது சுவர்ப் பக்கமே திரும்பவில்லை. விடியுமுன் எழுந்து பூப் பறிக்க வருவாளா என்று மட்டும் கேட்டார்கள். கேட்காதவர்களிடம் நானாகச் சொல்வதாவது என்று வீம்பாக இருந்துவிட்டேன். தையல் சட்டம் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

தோழியின் மகனுக்குக் காதுகுத்து என்று தகவல் வந்து நானும் என் கணவரும் எங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வடமதுரை போனோம். கூடத்தில் நுழைந்ததும், நட்டநடுச் சுவரில், சட்டம் போட்டு, பெருச்சாளி தொங்கியது. வருகிறவர்களெல்லாம் அது என்ன பிராணி என்று கேட்டார்கள். தோழியின் மாமியார் கொஞ்சமும் கூச்சப்படாமல், "கிளி. எங்க மூத்த மருமக போட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்செல்லாம் பொறாமை. தெருவெல்லாம் அன்னம் பறக்கவிட்டவள், ஒரு பெருச்சாளியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் அன்னத்தை உள்அறையில் மாட்டியிருப்பதாகச் சொன்னார்.

"அது நல்லாத்தான் இருக்கு தாயி. கேக்குறவுகளுக்கு யாரு போட்டதுன்னு என்னத்தச் சொல்ல?"

"நான் போட்டேன்னு சொல்லுங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் உள்ளே போய் அன்னத்தைக் கையோடு எடுத்துவந்து, மூத்த மருமகளிடம் ஆணி கேட்டு வாங்கி, பெருச்சாளிக்குப் பக்கத்தில் மாட்டினார். விருந்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மாள் இது யார் வேலை என்று கேட்டார்.

"இந்தா நிக்கிறாளே, இவ. எங்க வீட்டுக்கு மருமகளா வந்திருக்க வேண்டியவ."

என் கணவர் அப்போது எனக்குப் பின்னால் நின்று வடை தின்றுகொண்டிருந்தார். மருமகளாக வந்திருக்க வேண்டியவள் என்றதைக் கேட்டு அவர் முகம் மாறிவிட்டதோ என்று பயந்தேன். அவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு அன்னத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அன்னத்தைப் பார்த்தார்.

"நீயா போட்ட?" என்றார்.

எனக்கு இப்படித் தைத்துப் படம் போடத் தெரியும் என்பது, என் குழந்தைக்கு அப்பாவான மனிதருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.