எஸ்தர் வீட்டுப் பாண்டான்

உத்திரமேரூரில் ஒருவருக்கு விதை கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், காய் கொடுத்தால் முந்தானையை விரிப்பார்கள். செடியை வேரோடு எடுத்து நீட்டினால் மட்டும் கை பின்னால் போய்விடும். மலேசியாவில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கு அப்போது வேடிக்கையாக இல்லை.

என் கணவருக்கு இதுதான் சொந்த ஊர். அங்கே தெலுக் இந்தானில் பல வருடம் வேலை பார்த்தவர், இங்கே பஜாரில் ஹார்டுவேர் கடை வைக்கலாம் என்று திரும்பியபோது நானும் வந்தேன். பேசுவது தமிழ்தானே, என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான். முதல் வருடம் என் பேச்சைக் கேட்டு மளிகைக் கடைக்காரரே சிரித்தார். பேசாமல் மொட்டை மாடியில் தொட்டி வைத்துச் செடி வளர்க்க ஆரம்பித்தேன். அதைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டு, பட்டு நெசவு வீட்டுக்காரரான சரளா அக்கா தன் மாடித்தோட்டக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். ஆடியில் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடி விதை மாற்றிக்கொள்வோம். மழை முடிந்ததும் வேன் பிடித்துத் தாமல் ஏரி பார்க்கப் போவோம். பொங்கல் கழிந்ததும் புள்ளலூர்ப் பக்கம் யாருடைய கொல்லையிலாவது உட்கார்ந்து கட்டுச்சோறு. அந்த வேனில் ஏறிய பிறகுதான் இந்த ஊரில் எனக்கென்று ஆட்கள் உண்டானார்கள்.

சேர்ந்த முதல் ஆடியிலேயே கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. என்னிடம் பெருமையாகக் காட்ட ஒன்றுதான் இருந்தது, சோற்றுக்கு வாசனை தரும் பாண்டான் இலைச் செடி. எங்கள் அம்மா வீட்டு வேலியை ஒட்டி மலாய்க்கார அக்கா ஜைனாப் வளர்த்தது. தேங்காய்ப்பால் சோற்றுக்கு இலை வேண்டுமென்று அம்மா குரல் கொடுத்தால், ஜைனாப் அக்கா அடுப்படியிலிருந்தே "அம்பில்-லா", எடுத்துக்கொள் என்பார். நாங்கள் எடுத்ததும் "தெரிமா காசே" என்போம். கேட்பதும் நன்றி சொல்வதும் அங்கே மூச்சு விடுவதுபோல. அம்மா போய்ச் சேர்ந்தார். நெடுஞ்சாலைக்காக இரண்டு வீடுகளும் போயின. அந்த வேலியில் மிச்சம் என்பது, அனுமதி வாங்கி, வேரைக் கழுவி நான் கொண்டுவந்த இந்த ஒரு செடிதான்.

அன்று எல்லோருக்கும் பாண்டான் போட்டுச் சோறு வடித்தேன். வழித்துச் சாப்பிட்டார்கள். பக்கக் கன்று ஒன்றைப் பிரித்துச் சரளா அக்காவிடம் நீட்டினேன்.

"அய்ய, வேணாம்மா. நல்லா கீது, இங்கியே இருக்கட்டும்" என்றார். மற்றவர்களும் வேறு பக்கம் பார்த்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. கன்றைத் திரும்ப ஊன்றினேன்.

அவர்கள் போன பிறகு பார்த்தால் மண் சிதறிக் கிடக்கிறது. அதே கன்றைக் காணோம். கீழே இறங்கிப் போய்க் கணவரிடம் கத்தினேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீ குட்த்தா வேர் புடிக்காது. யாருக்கும் தெரியாம ஒட்ச்சினு போய் வெச்சாத்தான் புடிக்கும். இங்க பயக்கம் அப்டி. உன் செடி புட்ச்சிருந்திச்சி, அதான் எட்த்துனு போய்க்கிறாங்க. நீ இன்னாத்துக்கு பேஜார் ஆவுற?"

அது ஏதோ மரியாதை என்பதுபோல அவர் சொன்னது என் மண்டையில் ஏறவில்லை. திருட்டு திருட்டுதான். தொட்டியைத் தூக்கி, ஒரு கையும் எட்டாதபடி தண்ணீர் டேங்க் மேல் வைத்துவிட்டேன்.

அடுத்த சித்திரையில் அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தெலுக் இந்தான் போனேன். கணவர் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஆனால் டேங்க் மேல் நிழல் ஏது? கத்திரி வெயிலில் செடி அடியோடு கருகியிருந்தது. காய்ந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு மாடியிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா இறந்தபோது அழாமல் விட்டதெல்லாம் சேர்த்து அன்றைக்கு வந்தது.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. தாமல் ஏரி நிரம்பி, குழு வேன் பிடித்தது. திரும்பும் வழியில் எஸ்தர் வீட்டில் டீ. எஸ்தர் எங்கள் குழுவில் சின்னவள், அங்கன்வாடியில் வேலை. வெயிலில் களையெடுக்கப் போகும் அம்மாவோடு இருக்கிறாள். கை கழுவக் குழாயடிக்குப் போனேன். ஈர மண்ணில், முருங்கை நிழலில், இடுப்புயரத்துக்குப் பாண்டான் புதராக நின்றது.

குனிந்து ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தேன். நிமிர்ந்தால் எஸ்தர் நிற்கிறாள். என் செடி கருகிப்போன கதை குழுவில் எல்லோருக்கும் தெரியும். கேட்டால் தருவாள். தந்தால் பிடிக்காது என்பாள். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்:

"எல்லாரும் மாடிக்கு வாங்க. பாவக்கா பந்தல் போட்டுக்கீறேன், வந்து பாருங்க."

நானும் கிளம்பினேன். சரளா அக்கா தடுத்தார். "நீ கீயவே குந்து. கால் வலின்னியே."

நான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஓய்ந்தது. குனிந்து, ஒரு கன்றை வேரோடு திருகி எடுத்துப் பையில் வைத்தேன். அவர்கள் இறங்கி வரும்போது வேண்டுமென்றே பேசிக்கொண்டு, மெதுவாக வந்தார்கள். என் பையை ஒருவரும் பார்க்கவில்லை. வேனில் மட்டும் சரளா அக்கா மூக்கை உறிஞ்சி, "இன்னாவோ வாசனையா கீதே" என்றார். எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

கன்று பிடித்துவிட்டது. வாசனையில் முக்கால் பங்குதான் ஜைனாப் அக்கா வேலி. மீதி எஸ்தர் வீட்டுக் குழாயடித் தண்ணீர். சோறு வடிக்கும்போது கண்ணை மூடினால் எந்த வீட்டில் நிற்கிறேன் என்று சட்டென்று சொல்ல முடிவதில்லை. எஸ்தரிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்ல நாக்கு துடிக்கிறது. சொன்னால் அது கொடுத்த செடியாகிவிடுமே. அதனால்தான் அவளிடம் சொல்ல முடியாததை எல்லாம் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த ஆடிக் கூட்டம் மறுபடி எங்கள் வீட்டில். கன்றை ஊன்றிய அன்றே தொட்டியை டேங்கிலிருந்து இறக்கி, படிக்கட்டு ஓரமாக, நிழலில் வைத்திருக்கிறேன். பக்கக் கன்றுகள் வந்திருக்கின்றன. எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் காபி போடக் கீழே போய்விடுவேன். கொஞ்சம் மெதுவாகவே போடுவேன்.